பார்த்ததைச் சொல்லு சிஸ்டர்

என் தையல் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நின்று "நான் பருத்துட்டேன்" என்று சொன்ன வாடிக்கையாளர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் துணிதான் சுருங்கியிருக்கும். பேண்ட் பொத்தான் எட்டவில்லையா, சோப்பு சரியில்லை. சட்டை வயிற்றில் பிளக்கிறதா, இஸ்திரிக்காரர் சூட்டைக் கூட்டிவிட்டார். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், நான் தைத்துக் கொடுத்த கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அலமாரியில் தொங்கிக்கொண்டே இருந்ததால் அது சுருங்கிவிட்டது என்று சாதித்தார். தொங்கினால் நீளுமே தவிர எப்படிச் சுருங்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கடை நடக்காது. "இந்தக் காலத்துத் துணியே அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்தேன். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். மனதார நம்பிச் சொல்கிறார்கள். அதுதான் வேடிக்கை.

நாள் முழுக்க இந்த வேடிக்கையைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். ஆகவே ஒரு நாள் காலையில் என் மனைவி தன் யூனிபார்ம் பேண்ட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டு, "துணி நெகிஞ்சிடுச்சுங்க, இடுப்பைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க" என்று சொன்னபோது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக் கொடுத்தேன், அவளும் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள். அவள் உயிருக்கு வந்த ஆபத்தின் முதல் தகவல் அது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

இதிலே ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஏனென்றால் என் மனைவி சாதாரண ஆள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காரணம் சொல்கிற பழக்கத்தை ஒரு வார்டை விட்டே விரட்டியவள். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டிய மனைவியைப் பற்றி நான் பெருமைப்படாமல் எதிர் வீட்டுக்காரரா பெருமைப்படுவார்?

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நர்ஸ். குள்ளமான உருவம். நடை மட்டும் அவளுக்கு முன்னால் போகும். எந்தச் செருப்பு வாங்கினாலும் குதிகால் முதலில் தேயும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அதற்கு அவசியமும் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை சிஸ்டர் என்பார்கள். கோபம் வந்தால் நானும் சிஸ்டர் என்பேன். "முறை கெட்டுப் போகுதுங்க" என்பாள். அவளுடைய யூனிபார்ம் எல்லாம் என் கைத் தையல். சலவைக்குப் போய்ப் போய் வந்தாலும் அசையாத துணியாகத் தேடி, நானே கடை கடையாக ஏறி வாங்கியது. அந்த வார்டிலேயே தோள்பட்டை சரியாக உட்கார்ந்த யூனிபார்ம் அவளுடையதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நர்ஸ் வேலையில் ஷிப்ட் மாறும் நேரம் என்று ஒன்று உண்டு. வேலை முடித்துப் போகிறவர்கள், புதிதாக வருகிறவர்களிடம் வார்டை ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கையாக நின்று, இவருக்கு என்ன கொடுத்தோம், எப்படி இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அவசரமான நேரம். ஒருவருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம், இன்னொருவருக்கு வேலையைத் தொடங்கும் அவசரம். அதனால் ஒரு மனுஷியைப் பற்றிச் சொல்ல வேண்டியது எல்லாம் ஒரே சொல்லில் சுருங்கிவிடும்.

ஜன்னலோரப் படுக்கையில் ஓர் அம்மா இருந்தார். சின்ன அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தவர். ஓயாமல் மணியை அழுத்துவார். தலையணையைச் சரி செய், ஜன்னலைச் சாத்து, கால் வலிக்கிறது. முதல் நாள் ஒப்படைக்கும்போது யாரோ ஒரு நர்ஸ், "இந்தம்மா கொஞ்சம் நாடகம்" என்று சொல்லி வைத்தார். அடுத்த ஷிப்ட் அதை வாங்கிக்கொண்டு அதற்கடுத்த ஷிப்டுக்குக் கொடுத்தது. கொடுக்கும்போது 'கொஞ்சம்' என்ற சொல் எங்கேயோ விழுந்துவிட்டது. பிறகு அவருக்குப் பெயரே நாடகம் அம்மா. என் மனைவியும் அப்படித்தான் வாங்கினாள், அப்படித்தான் கொடுத்தாள். அந்த அம்மா கால் வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் அவளும் போர்வையை விலக்கிப் பார்த்திருக்கிறாள், தடவிக்கூடக் கொடுத்திருக்கிறாள்.

ஒரு நாள் ஆள் பற்றாக்குறை என்று பக்கத்து வார்டிலிருந்து ஒரு நர்ஸை அனுப்பினார்கள். நல்ல உயரம், அவருக்கு நெட்டைச் சிஸ்டர் என்று பெயர். தாமதமாக வந்ததால் ஒப்படைப்பு முடிந்துவிட்டிருந்தது. மணி அடித்தது, ஜன்னலோரம் போனார், போர்வையை விலக்கினார். "ஏம்மா, இந்தக் கால் அந்தக் காலைவிடப் பருமனா இருக்கே, எப்பலேர்ந்து?" என்று கேட்டார். அவ்வளவுதான். டாக்டர் வந்தார், படம் எடுத்தார்கள். கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் அந்த அம்மா மணி அடிக்க இருந்திருக்க மாட்டார்.

அன்று என் மனைவி வீட்டுக்குள் போகாமல் நேராகக் கடைக்குள் வந்து, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் முக்காலியில் உட்கார்ந்தாள். நான் மெஷினை நிறுத்தினேன். நடந்ததைச் சொன்னாள்.

"அந்த நெட்டையம்மா கெட்டிக்காரிதான் போல" என்றேன்.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அதில்லைங்க விஷயம். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லல, அதனால அவ காலைப் பார்த்தா. எனக்கு நாடகம்னு சொல்லிட்டாங்க, அதனால நான் நாடகத்தைப் பார்த்தேன். கால் என் கையில இருந்துச்சு. வீக்கம் என் கையிலயே இருந்துச்சுங்க."

"நீ மட்டுமா? எல்லாரும்தானே?"

"எல்லாரும்னு சொன்னா எனக்கு வசதியாத்தான் இருக்கும்" என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் அவள் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஜன்னலோர அம்மாவிடம் போய், நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று சொன்னாள். அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. "நாடகம்னு முடிவு பண்ணீங்களே, நான் நடிச்சிருந்தா இதைவிட நல்லா நடிச்சிருப்பேனே சிஸ்டர்" என்றாராம். பிறகு ஷிப்ட் மாறும் நேரத்தில், எல்லோரும் கூடியிருக்கையில், இனிமேல் ஒப்படைக்கும்போது பார்த்ததையும் அளந்ததையும் மட்டும் முதலில் சொல்வோம், நினைத்ததைக் கடைசியில், "இது நான் நினைச்சது" என்று சொல்லிவிட்டுச் சொல்வோம் என்றாள். நாடகம், அடம், சோம்பல், பயந்தாங்கொள்ளி, இந்தச் சொற்கள் எதுவும் படுக்கைப் பக்கம் வரக் கூடாது.

கேட்டவர்கள் பூ போட்டு வரவேற்கவில்லை. வார்டுக்குத் தலைமையாக இருந்தவரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள், அவர் முதலில் உதட்டைப் பிதுக்கினார். "நேரம் இழுக்கும்" என்றார். இழுக்கத்தான் செய்தது. சில பேர் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்தார்கள். "நான் பார்த்தது, ஒரு கப் டீ. நான் நினைச்சது, சர்க்கரை கம்மி" என்று ஒரு பெண் பேசிக் காட்டுவாளாம். என் மனைவி அதற்கும் சிரித்துவிட்டு, அடுத்த படுக்கைக்கு நகர்ந்து, யாராவது "இவங்க எப்பவும்…" என்று ஆரம்பித்தால் உள்ளங்கையைத் தூக்குவாள். "அது நினைச்சது. அப்புறம்." கோபமாக இல்லை, போக்குவரத்துக் காவலர் கை காட்டுகிற மாதிரி, அவ்வளவுதான். பார்த்ததைச் சொல்லு சிஸ்டர் என்ற பட்டப்பெயர் அப்போது வந்தது. கேலியாக வந்த பெயர், போகப் போக மரியாதையாகிவிட்டது. பக்கத்து வார்டுகளிலிருந்து வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு கட்டத்தில் பெரிய சிஸ்டரே உள்ளங்கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியோடு விட்டாளா? வீட்டிலும் அதே சட்டம். எங்கள் ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நாள் பையை வீசிவிட்டு, "அந்த மேடத்துக்கு என்னைக் கண்டாலே ஆகலம்மா" என்றாள். "பார்த்ததைச் சொல்லு" என்றாள் இவள். பார்த்தது என்னவென்றால், மேடம் இவள் பெயரைத் தவறாகக் கூப்பிட்டார். வகுப்பில் பாதிப் பேரை அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்பதும் விசாரித்ததில் வெளிவந்தது. எனக்கும் விழுந்தது ஒன்று. எதிர் வரிசைத் தையல்காரர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார், வாடிக்கை எனக்கு அதிகம் என்று பொறாமை, இனி அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டேன் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். "பார்த்தது எது, நினைச்சது எது?" என்றாள். பார்த்தது, அவர் தலையைத் திருப்பாமல் போனது மட்டும். பத்தாததற்கு, அவருக்குக் கண்ணில் புரை எடுத்து, ஒரு கண்ணில் மருந்து போட்டிருந்தார்களாம். நான் அவருடைய மருந்துக் கண் பக்கமாக நின்று வணக்கம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து யாரைப் பற்றியாவது வாய் திறக்கும் முன் ஒரு தடவை எச்சில் விழுங்கிக்கொள்வேன்.

இப்படிப்பட்டவள்தான் துணி நெகிழ்ந்துவிட்டது என்றாள்.

அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு சந்தோஷம் காத்துக்கொண்டிருந்தது. பெரிய சிஸ்டர் ஓய்வு பெறப் போகிறார், அந்த நாற்காலி என் மனைவிக்குத்தான் என்று வார்டே பேசிக்கொண்டது. அவளும் ஆசைப்பட்டாள். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், ஆனால் விடுமுறை எடுக்காமல் போய் வந்தாள். "இப்ப லீவு போட்டா முடியாத ஆளுன்னு ஆயிடும்ங்க" என்று ஒரு தடவை சொன்னாள். நான் அந்த நாற்காலிக்குத் தகுந்த மாதிரி ஒரு புது யூனிபார்மைத் தைக்க, அவளுக்குத் தெரியாமல் துணி வாங்கி வைத்திருந்தேன்.

அவள் மெலிந்துகொண்டு வந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், முன்னைவிடக் கூடுதலாகவே சாப்பிட்டாள், இருந்தும் மெலிந்தாள். "எப்படி சிஸ்டர் இளைச்சீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்று வார்டில் கேட்டார்களாம். அதை வந்து சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெட்கம். மகள், "அம்மா என் அக்கா மாதிரி இருக்காங்க" என்றாள். எனக்கும் உள்ளுக்குள் குஷிதான், மறைப்பானேன். மனைவி இளமையாகிக்கொண்டே போனால் எந்தக் கணவன் டாக்டரைத் தேடி ஓடுவான்?

மற்றதெல்லாம் இந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. எல்லோரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவள் மின்விசிறியைக் கூட்டி வைப்பாள். வயசு அப்படி என்பாள். மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். வார்டில் அலைச்சல் என்பாள். எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவது எப்போதும் அவள்தான். ஒரே குத்தில் கோத்துவிடுவாள், ஊசி போடுகிற கையாயிற்றே. இப்போது நூல் நுனி ஊசிக் காதைச் சுற்றிச் சுற்றி வந்தது. "இந்த ஊசி மட்டமானதுங்க, வேற வாங்குங்க" என்றாள். நான் வேறு ஊசி வாங்கினேன். அட, உண்மையாகவே போய் வாங்கினேன்!

பிறகு ஒரு சாயங்காலம், அதே பேண்ட்டோடு சட்டையையும் சேர்த்து மேஜைமேல் வைத்தாள். "மறுபடியும் நெகிஞ்சிடுச்சு. சட்டையையும் ரெண்டு பக்கமும் பிடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேண்ட்டை விரித்து சாக்பீஸை எடுத்தேன். நான் முன்னால் பிடித்த தையல் அங்கே இருந்தது. அதற்கும் உள்ளே கோடு போட வேண்டும். கோடு போடப் போன கை நின்றுவிட்டது. இது நெகிழ்கிற துணியே இல்லையே. நானே தேடி, நானே இழுத்துப் பார்த்து வாங்கிய துணியாயிற்றே. அடுத்தவர் சொன்னால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிற அதே கதையை, என் வீட்டு மனுஷி திருப்பிப் போட்டுச் சொன்னதும் நான் தலையாட்டியிருக்கிறேன்.

சட்டையை எடுத்தேன். இடுப்பிலும் தோளிலும் நிறைய இடம் இருந்தது. அப்போதுதான் காலர் பொத்தானைப் பார்த்தேன். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, காலரின் ஓரத்துக்கே தள்ளித் தைத்திருந்தது. கழுத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும்படி யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். என் தையல் இல்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், அந்த முடிச்சு காயத்துக்குத் தையல் போடுகிறவர்கள் போடும் முடிச்சு.

அவளைக் கூப்பிட்டேன்.

"இந்தக் கண்ணாடி முன்னாடி வந்து நில்லு."

"அளவா? குத்துமதிப்பாப் பிடிச்சு விடுங்களேன். அடுப்புல வேலை இருக்கு."

"அடுப்பை நம்ம பொண்ணு பாத்துக்குவா. நில்லு. ஷிப்ட் மாத்திக்கலாம். நான் ஒப்படைக்கிறேன், நீ வாங்கிக்கோ."

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

"நான் பார்த்தது மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். டேப்பை எடுத்து அவள் இடுப்பில் சுற்றினேன். "இடுப்பு, முதல்ல பிடிச்சதுக்கு மேல ரெண்டு விரல் கொறைஞ்சிருக்கு. சாப்பாடு கொறையல."

"அலைச்சல்ங்க, வார்டுல ஆளே…"

உள்ளங்கையைத் தூக்கினேன். "அது நினைச்சது. அப்புறம்."

தன் கையே தன்னை நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி விழித்தாள்.

"ஊசியில நூல் ஏறல. நான் ஊசி மாத்தியும் ஏறல. கை நடுங்குது. மாடிப்படியில பாதியில நிக்கறே. நாங்க போர்த்திக்கிட்டு உக்காந்திருக்கப்ப உனக்கு வேர்க்குது." சட்டையை எடுத்துக் காட்டினேன். "எல்லா இடத்துலயும் லூசா இருக்கற சட்டையில கழுத்துப் பொத்தானை மட்டும் யாரோ தள்ளித் தைச்சிருக்காங்க. ஒரே சட்டை, ஒரே துணி, ஒண்ணாத் தோச்சது. இடுப்புல நெகிஞ்சு கழுத்துல சுருங்குமா? எனக்கு உன் வைத்தியம் தெரியாது. துணி தெரியும். இது துணி இல்லம்மா."

அவள் சட்டையை வாங்கி அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தைச்சேன். வார்டுல, டீ குடிக்கிற நேரத்துல" என்றாள். "இறுக்கமா இருந்துச்சு, மாத்திட்டேன். ஏன் இறுக்கமாச்சுன்னு கேக்கவே இல்லைங்க. கை பாட்டுக்குத் தைச்சிருக்கு."

பிறகு, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். கண்ணாடிக்கு நெருக்கமாகப் போய், தலையை லேசாகத் தூக்கி, கழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மடக்கு விழுங்கினாள். கழுத்தின் முன்பக்கம் ஏதோ ஒன்று உருண்டு மேலே ஏறி இறங்கியது. எனக்கே தெரிந்தது. இன்னொரு மடக்கு. மறுபடியும் ஏறி இறங்கியது. தம்ளரை வைத்துவிட்டு மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். "சும்மா நிக்கறேன், ஓடி வந்தவ மாதிரி அடிக்குது" என்றாள். பிறகு காஜா முக்காலியில் உட்கார்ந்தாள்.

"வேற யாராவது இப்படி வந்திருந்தா வாசல்லயே பிடிச்சிருப்பேன். இத்தனை நாளா இந்தக் கழுத்தோட தலை வாரியிருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமெல்லாம் இல்லை, அழுதேன். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒப்படைச்சாச்சுல்ல, வாங்கிக்கிட்டேன். விடுங்க" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நடந்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை. நெட்டைச் சிஸ்டர் சொன்னார். அவர் அதற்குள் அந்த வார்டுக்கே மாற்றலாகியிருந்தார், யூனிபார்ம் தைக்க என் கடைக்கு வருவார். வழக்கம்போல ஷிப்ட் மாறும் நேரம். படுக்கை படுக்கையாக ஒப்படைத்து முடித்தார்கள். கலையப் போனவர்களை என் மனைவி, "இன்னும் ஒருத்தர் பாக்கி" என்று நிறுத்தினாளாம். சொல்ல ஆரம்பித்தாளாம்.

"பெண். பசி கூடியிருக்கு, எடை கொறைஞ்சிருக்கு. ரெண்டு கையும் நீட்டினா விரல் நடுங்குது. நாடித் துடிப்பு வேகம், நடுநடுவுல தப்புது. கழுத்து முன்பக்கம் வீக்கம், விழுங்கினா ஏறி இறங்குது. வயசு, வேலை, ஊசி, துணின்னு நோயாளி இதுவரைக்கும் நாலு காரணம் சொல்லியிருக்காங்க. அந்த நாலும் நினைச்சது."

"எந்தப் படுக்கை சிஸ்டர்? இப்பதான் அட்மிட் ஆனாங்களா?" என்று பெரிய சிஸ்டர் கேட்டாராம்.

"இன்னும் ஆகல. இங்கதான் நிக்கறாங்க" என்று சொல்லி, இரண்டு கைகளையும் எல்லோர் முன்னாலும் நீட்டினாளாம். நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, அதைத் தரப்போகிறவர் முன்னாலேயே நீட்டினாள். அதைச் சொல்லிவிட்டு நெட்டைச் சிஸ்டர், "அண்ணே, எப்படி இளைச்சீங்கன்னு கேட்டவங்கள்ல நானும் ஒருத்தி" என்றார்.

தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்திருக்கிறது. இதயத் துடிப்பு தாளம் தப்ப ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச காலம் இப்படியே துணியைப் பிடித்துக்கொண்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். மாத்திரைகள், ஓய்வு, நீண்ட விடுமுறை. அந்த விடுமுறையில் பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்றார், நாற்காலி நெட்டைச் சிஸ்டருக்குப் போனது. எனக்கு வயிறெரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நீ வாயைத் திறக்காம தனியாப் போய் டாக்டரைப் பாத்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"பாத்திருக்கலாம். அப்புறம் யார்கிட்டயாவது 'பார்த்ததைச் சொல்லு'ன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?" என்றாள்.

அவள் வேலைக்குத் திரும்பியபோது நெட்டைச் சிஸ்டர் எழுந்து நின்று வரவேற்றாராம். ஒப்படைக்கும் முறை அப்படியே நடந்துகொண்டிருக்கிறது. புதிதாக வருகிற நர்ஸ்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிற வேலையை என் மனைவியிடமே கொடுத்திருக்கிறார்கள். நாற்காலி கிடையாது, நின்றுகொண்டேதான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவள் எப்போது உட்கார்ந்தாள், நிற்கட்டும். நான் ஒளித்து வைத்திருந்த புதுத் துணியில் அந்த வேலைக்கென்று ஒரு யூனிபார்ம் தைத்துக் கொடுத்தேன்.

அது தைத்துக் கொஞ்ச காலம் ஆகியிருக்கும். போன வாரம் கடையில் கூட்டம். பழைய கோட்டு ஆசிரியர் இந்த முறை ஒரு பேண்ட்டைக் கொண்டுவந்து, மழைக்காற்றில் சுருங்கிவிட்டது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நானும் இந்தக் காலத்துத் துணியே அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் மனைவி உள்ளிருந்து வந்தாள். முகத்தில் சதை பிடித்திருந்தது, கன்னம் பழையபடி வந்திருந்தது. எங்களைத் தாண்டிக் கண்ணாடி முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்து, முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள்.

"பேண்ட் இறுக்குதுங்க. கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்றாள். ஆசிரியர் இருப்பதைப் பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை. "நான் பருத்துட்டேன்."

ஆசிரியர் தன் பேண்ட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அவள் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து கொடுத்த அந்தப் புது யூனிபார்ம் பேண்ட்டை வாங்கி, நான் பிரிக்க உட்கார்ந்தேன். உள்ளே துணி நிறைய விட்டுத்தான் தைத்திருந்தேன்.